தராசில் ஏறாத மூட்டை

சாயங்காலம் எடை போடும்போது அவரவர் மூட்டைக்குப் பக்கத்தில் அவரவர் நிற்பார்கள். கரடியூருக்கு மேலே இருக்கும் அந்தக் காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிற எந்தப் பெண்ணும் தன் மூட்டையை இன்னொருத்தியிடம் விட்டுப் போனதில்லை. அதனால்தான், எஸ்டேட் ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கிய பாலகுமார், தன் மனைவி சசிரேகாவின் மூட்டை மட்டும் ஆளில்லாமல் நிற்பதைப் பார்த்ததும் பக்கத்து மூட்டைக்காரி மருதாயியிடம் விரைந்தான்.

"சசி எங்கீங்கக்கா?"

"சிக்னல் பாறைக்குத்தான். வேற எங்க போவா உம் பொண்டாட்டி?" என்றாள் மருதாயி. "எம் பழத்தையும் உன்னோடதுல சேத்துக்கக்கான்னு சொல்லிட்டுப் போனா. நொம்ப நல்ல மனசு, எனக்கென்ன கசக்குதா?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். மருதாயி சசியின் சோற்றுப் பையையும் நீட்டினாள். உள்ளே தூக்குப்போசிக்கு அடியில் அவளுடைய போன் கிடந்தது.

எஸ்டேட்டில் போனுக்குச் சிக்னல் கிடைப்பதே அந்தப் பாறையில்தான். போனை விட்டுவிட்டு யார் அங்கே போவார்கள்?

பாலகுமார் ஓடினான்.

தீபாவளிச் சேலையில், காப்பிச் செடிகளுக்கு நடுவே கூடையோடு ஆடி அவள் போனில் ஒரு வீடியோ போட்டிருந்தாள். யாரோ அதை எடுத்துக் கேலிப் பாட்டுச் சேர்த்துப் பரப்பிவிட்டான். நிறத்தைச் சொன்னார்கள், பல்லைச் சொன்னார்கள். செத்துத் தொலை என்றுகூட ஒருவன் எழுதியிருந்தான். அவள் தினமும் பாறைக்குப் போய் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பே இல்லை. "ரெண்டு நாள்ல மறந்துருவாங்க, உடு புள்ள" என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

மேட்டில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பாறையை நெருங்க நெருங்க, சட்டைப்பையிலிருந்த அவள் போன் உயிர் பெற்று டிங், டிங் என்று அடித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் கால் இன்னும் வேகமாகப் போயிற்று.

பாறைக்கு முந்தின வளைவில், சில்வர் ஓக் மரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குங்க இப்படி ஓடியாரீங்க?"

திட்ட வாயெடுத்தவன், பக்கத்தில் உட்கார்ந்தான். "சசி, சாகோணும்னா வந்த?"

அவள் பாறைப் பக்கம் பார்த்தாள்.

"ஆமாங்க. இதுக்கு மேல காலு வரல. ஊட்டுல மாவு ஆட்டாம வந்துட்டமேன்னு ஒரு நெனப்பு."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "மாவு கெடக்குது."

"அத்தன பேரும் சொல்றாங்களே. நெசமாத்தான் இருக்குமோன்னு தோணுதுங்க."

"இதுக்கு வைத்தியம் இருக்குது புள்ள. காலைல மொத பஸ்ஸுக்கு ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம். எங்கிட்டச் சொன்னத அப்படியே டாக்டர்கிட்டச் சொல்லு. அதுவரைக்கும் உன்ன உட்டு நகரமாட்டேன்."

"நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிருமுங்க."

"போனாப் போகுது. நீ போகாத."

போன் மறுபடி அடித்தது. அவள் தோள் துள்ளியது. அவன் அதை எடுத்து அணைத்தான். திரை கறுக்கும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் இறங்கி வந்தபோது எடைக் களத்திலிருந்து மற்றவர்கள் போயிருந்தார்கள். மருதாயி மட்டும் சசியின் மூட்டைமேல் உட்கார்ந்து, எடையை எழுதும் ரைட்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பாலகுமார் ஓடிய ஓட்டத்தைப் பார்த்ததிலிருந்து அவள் எழுந்திருக்கவே இல்லையாம்.

"ஆளு வராம மூட்டைய ஏத்தச் சொல்றாரு கண்ணு. உடுவனா நானு? வா, வந்து நில்லு."

சசியின் கண்களைப் பார்த்தவள், மூட்டைமேலிருந்து எழுந்து இடம் விட்டாள். சசி போய் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றாள்.

மூட்டையைத் தராசில் ஏற்ற இரண்டு கையும் வேண்டும். பாலகுமார் ஒரு கையால்தான் பிடித்தான். மறுபக்கத்தை மருதாயி தூக்கினாள். அவனுடைய இன்னொரு கை சசியின் மணிக்கட்டை விடவில்லை.