சுங்கை பஞ்சாங் வீட்டுச் சுவரில் ஒரு ரிம்

1

இந்தக் கதை ஒரு குழாயடியில் பிறந்தது. மலேசியாவின் சுங்கை பஞ்சாங்கில் ஒரு வீட்டுச் சுவரில் பழைய கார் ரிம் ஒன்றை ஆணியடித்து மாட்டி, செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை அதில் சுற்றி வைத்திருந்தார்கள். இது யாருக்கோ வேண்டியிருக்குமே என்று தோன்றியது. அந்த யாரோதான் கோகிலன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பச்சை வயல்களின் மேல் தென்றல் தவழ, கோகிலனின் கார்...’

வேண்டாம். தவழ்ந்தது கார்தான்.

அவனைவிட இரண்டு வயது மூத்த கார் அது. நெல் லோரிகள் குழியாக்கிய சாலையில் முன்சக்கர ரிம் நெளிந்துவிட்டது. சுத்தியலால் தட்டி ஓட்டினான். தினமும் காலையில் காற்று இறங்கிக் கிடக்கும். கோலசிலாங்கூர் டயர் கடைக்காரர், “இதுக்கெல்லாம் இப்ப ரிம் வர்றதில்ல லா, காரை மாத்து” என்று கைவிரித்தார். அம்பாங் பெச்சா பழைய இரும்புக் கடையில் ரிம்கள் மலையாகக் கிடந்தன. எதிலும் நட்டு ஓட்டைகள் பொருந்தவில்லை. ஒரு விரல் அகலம் தள்ளியே இருந்தன. கடைசியில் அந்த நான்கு ஓட்டைகளையும் நடு ஓட்டையையும் ஓர் அட்டையில் வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எங்கே ரிம்மைக் கண்டாலும் அட்டையை வைத்துப் பார்ப்பான்.

(காரை மாற்றினால் என்ன என்று நானும் கேட்டேன். “ஓடுற காரை யாராச்சும் விப்பாங்களா?” என்றான். எழுதுகிறவரைப் பாத்திரங்கள் மதிப்பதே இல்லை.)

3

ஞாயிற்றுக்கிழமை கோகிலனுக்குச் சுங்கை பஞ்சாங்கில் பெண் பார்க்கப் போனார்கள்.* வழியில் அப்பா சுப்பிரமணியம் சொன்னார்: “பொண்ணு வீட்டுல ஒரு குண்டூசி கூடக் கேக்கக் கூடாது. கேட்டா, சம்பந்தமே வேணாம்னு நானே எழுந்திரிச்சிடுவேன்.”

சும்மா சொல்லவில்லை. முன்பு தன் மகள் விமலாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், காப்பி குடித்துக்கொண்டே சிரித்த முகமாக ஒரு மோட்டார் சைக்கிள் கேட்டார்கள். அன்று பட்ட அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

*நித்தியாவும் கோகிலனும் போனில் பேசிப் பேசி மனம் ஒத்துப்போனவர்கள். பெண் பார்ப்பது பெரியவர்களின் திருப்திக்கு. ஆனால் அந்தத் திருப்தி கெட்டால் எல்லாம் கெட்டது.

4

குழாயடிக்குக் கை கழுவப் போன கோகிலன் சுவரில் அந்த ரிம்மைப் பார்த்தான். மனம் கேட்கவில்லை. அட்டையை எடுத்து ரிம்மின் மேல் வைத்தான். ஐந்து ஓட்டைகளும் கச்சிதமாகப் பொருந்தின.

“என்னங்க, எங்க வீட்டுச் செவுத்துக்கு அளவெடுக்கிறீங்களா?”

துண்டோடு நின்றாள் நித்தியா. அவன் அட்டையைச் சட்டென்று கையில் எடுத்துக்கொண்டான்.

(இங்கே மூன்று நாள் எழுதாமல் கிடந்தேன். கேட்டால் பெண் போச்சு. கேட்காவிட்டால் ரிம் போச்சு. ராத்திரியில் கழற்றி எடுத்துப் போக வைக்கலாமா என்றுகூட... சீ!)

“இந்த ரிம்மு... ஒண்ணுமில்லங்க. நான் எதையும் கேக்கக் கூடாது. அப்பா கண்டிப்பா சொல்லியிருக்காரு.”

அவள் அட்டையைப் பார்த்தாள். வாசலில் ஒருபக்கம் சாய்ந்து நின்ற காரைப் பார்த்தாள். குழாயை அவிழ்த்துத் தரையில் போட்டு, ரிம்மைக் கழற்றிக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனாள்.

சுப்பிரமணியம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “யாரு கேட்டது?”

“யாரும் கேக்கல மாமா. இது சீர் இல்ல, இரவல். எங்கண்ணன் வித்த காரோட ரிம்மு. ரப்பர் ஓஸு தரையில கெடக்கு, சீக்கிரம் திருப்பிக் கொண்டாரச் சொல்லுங்க.”

பெண்ணின் அப்பா நாராயணசாமிதான் முதலில் சிரித்தார். சுப்பிரமணியம் மெல்ல உட்கார்ந்தார். “மாமான்னே கூப்பிட்டுடுச்சே!” என்று காப்பியைக் கையில் எடுத்தார். அப்பாடா! எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது.

திரும்பும் வழியில் ஒரு கடையில் நெளிந்த ரிம்மை வீசிவிட்டு, டயரை இந்த ரிம்மில் மாற்றிப் போட்டார்கள். நான்கு நட்டும் சொன்னபடி ஏறின. மறுநாள் காலையில் காற்று இறங்கவில்லை.

5

முடிவுதான் சிக்கல். ரிம்மைத் திருப்பிக் கொடுத்தால் கார் மூன்று சக்கரத்தில் நிற்கும். கொடுக்காவிட்டால் அவள் வாக்கு பொய்யாகும். வேறு ரிம் கிடைத்ததாக எழுதிப் பார்த்தேன். கோகிலன் அட்டையைத் தொலைத்துவிட்டதாகச் சொல்கிறான்.

அதனால் நான் முடிக்கப்போவதில்லை. கல்யாணத் தேதியை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை, ஞாயிறுதோறும் அவன் ரிம்மைத் திருப்பிக் கொடுக்கச் சுங்கை பஞ்சாங் போகிறான், காரோடு சேர்த்து. சாயங்காலம் மறுபடி இரவல் வாங்கிக்கொண்டு வருகிறான்.