பத்துக்கு எட்டு

நான் படித்தது பி.காம். போன வருஷம் சென்னையில் ஒரு கல்லூரிக்கு, நிதிக் கணிதத்தில் எம்.எஸ்சி. படிக்க விண்ணப்பித்தேன். நுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு மூன்றிலும் தகுதித் தேர்வு தேற வேண்டும், சொந்தமாக ஒரு ஆய்வும் எழுதி அனுப்ப வேண்டும், நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்போம் என்றார்கள். கையில் ஏழு மாதம் இருந்தது. இருபத்தேழு வயதில் இதெல்லாம் எதற்கு ஷீலா என்று கேட்காத சொந்தக்காரர் எங்கள் ஊர் போடியில் ஒருத்தர் பாக்கியில்லை. சர்ச் வாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்தில்கூடக் கேட்டார்கள்.

அப்பா எபினேசருக்கு ஏலக்காய்க் கடை. மலையில் விளைவிக்கிறவர்கள் கொண்டுவரும் காயை அவர்கள் பேரில் ஏலத்துக்கு அனுப்புவார்; ஒருத்தர் ஒரு தடவை வைக்கிற சரக்கு ஒரு லாட்டு. கேட்கிற விலை பிடிக்காவிட்டால் சரக்குக்காரர் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். நான் கடையின் பின்னறையில், மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டுப் படித்தேன். வகைக்கெழு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அணிகள் அழவைத்தன. நிபந்தனை நிகழ்தகவில் மட்டும் இருநூறு கணக்குப் போட்டேன். அதில் நான் புலி என்று எனக்கு ஒரு நினைப்பு. தேர்விலும் தேறிவிட்டேன்.

ஆய்வுக்கு அப்பாவின் விலை டைரியை எடுத்துக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு லாட்டு. அதில் முன்னூற்று முப்பது, கிலோ இரண்டாயிரத்து ஐந்நூறோ அதற்கு மேலோ போயிருந்தது. அப்படியானால் நல்ல காய்க்கு அந்த விலை கிடைக்கப் பத்துக்கு எட்டு வாய்ப்பு. வரைபடமெல்லாம் போட்டு, அழகாக எழுதி அனுப்பினேன்.

அந்த வாரம் குரங்கணி வேலுச்சாமி அண்ணன் எண்பது கிலோ காயோடு வந்தார். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர். மகள் பானுப்பிரியாவுக்கு மதுரையில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. இந்தக் காயை விற்றுத்தான் சேர்க்க வேண்டும். இரண்டாயிரத்து நானூறுக்குத் தானே எடுத்துக்கொள்வதாக அப்பா சொன்னார். வேலுச்சாமி அண்ணன் என் பக்கம் திரும்பி, நீ ஏதோ விலைக் கணக்கு போடுறியாமே, என்ன சொல்லுது என்று கேட்டார். கேட்டதே எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஏலத்துக்கே விடுங்கண்ணே. ரெண்டாயிரத்து ஐநூறு போறதுக்குப் பத்துக்கு எட்டு வாய்ப்பு இருக்கு" என்றேன்.

ஏலத்தன்று அப்பா சிலமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். வேலுச்சாமி அண்ணனே போய் உட்கார்ந்து, சரக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் விலை இறங்கியது. இரண்டாயிரத்து நூறுக்குத் தள்ளிவிட்டார். ஃபீஸுக்குப் பணம் போதவில்லை. பானுப்பிரியாவை அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகிவிட்டது. என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கே பிசகியது என்று டைரியை மறுபடி புரட்டினேன். வேலுச்சாமி அண்ணனின் வாபஸ் அதில் இல்லவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. வாபஸ் ஆன சரக்கை அப்பா டைரியில் ஏற்ற மாட்டார். எழுதினால் அடுத்த சரக்கும் விற்காமல் தங்கிவிடும் என்று அவருக்கு ஒரு எண்ணம். தினமும் பைபிள் வாசிக்கிற மனுஷன். இதில் மட்டும் அசைய மாட்டார். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். விற்றவற்றை மட்டும் எண்ணிவிட்டு எல்லாவற்றுக்கும் வாய்ப்பு சொல்லியிருக்கிறேன். இருநூறு கணக்குப் போட்ட புலி!

அனுப்பிய ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு சீட்டு உண்டு. அதைக் கம்பியில் குத்தி வைப்போம். மொத்தச் சீட்டையும் கழற்றி எண்ணினேன். ஐந்நூற்று எழுபத்திரண்டு. டைரிக்கு வராதவை நூற்று அறுபது. அவற்றையும் சேர்த்தால் பத்துக்கு ஆறுகூட வரவில்லை.

நேர்முகம் கம்ப்யூட்டரில்தான் நடந்தது. எதிரே இரண்டு பேராசிரியர்கள். அவர்கள் கேட்குமுன் நானே சொல்லிவிட்டேன்: என் ஆய்வில் இரண்டாம் பக்கத்து எண் தப்பு, இதனால் ஒருத்தர் நஷ்டப்பட்டார். டைரி, சீட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். சொல்லி முடித்தபோது மனசு லேசானது, உண்மையைச் சொன்னதில் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. அவர்களில் ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"வாபஸ் ஆனது எல்லாமே ரெண்டாயிரத்து ஐநூறுக்குக் கீழே கேட்டதுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஒருத்தர்கிட்டயாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்றேன். ஒரு வாரத்தில் விசாரித்துத் திருத்தி அனுப்பச் சொன்னார்கள். அதைப் பார்த்துத்தான் சீட்.

மறுநாள் காலை முதல் பஸ்சில் குரங்கணிக்குப் போனேன். வேலுச்சாமி அண்ணன் மருந்தடிக்கிற மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தார். பானுப்பிரியா டீ கொடுத்துவிட்டு, சென்னையில் ஹாஸ்டல் எல்லாம் எப்படி அக்கா என்று கேட்டாள். இன்னும் இடமே கிடைக்கவில்லை என்றேன். பிறகு அவரிடம், அன்று ஏலத்தில் என்ன விலைக்குக் கேட்டார்கள் என்று கேட்டேன்.

"ரெண்டாயிரத்து ஐநூத்தி நாப்பது" என்றார்.

பிறகு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நீதான் பத்துக்கு எட்டுன்னியே பாப்பா. அம்புட்டு உறுதியா வெலை நிக்கிறப்ப என்ன அவசரம், அடுத்த வாரம் இன்னும் ஏறும்னு நெனச்சுட்டேன். உன் கணக்கு சரியாத்தான இருந்துச்சு. எனக்குத்தான் ஆசை." மெஷினைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார்.

என்னைத் தேற்றத்தான் சொன்னார். ஆனால் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அப்பா சொன்ன இரண்டாயிரத்து நானூறுக்கே கொடுத்திருப்பார். பானுப்பிரியா இந்நேரம் மதுரையில் இருந்திருப்பாள்.

அந்த வாரம் முழுக்க வாபஸ் வாங்கிய ஒவ்வொருவராகத் தேடிக் கேட்டேன். நூற்று அறுபதில் தொண்ணூற்று மூன்றுக்கு விவரம் கிடைத்தது. பேர், கேட்ட விலை, வாபஸ் வாங்கிய காரணம் என்று அட்டவணை போட்டேன். முதல் வரியில் வேலுச்சாமி, 2540. காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். அதை அப்படியே அனுப்பினேன்.

சீட் கிடைத்துவிட்டது. ஜூலையில் சேர வேண்டும். அப்பா கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். பானுப்பிரியாவிடம் மட்டும் சீட் கிடைத்ததை நான் இன்னும் சொல்லவில்லை.