துணிக் கையுறை

பிளாஸ்டிக்கே இல்லாத ஆலை என்று பெயர் வாங்கியாக வேண்டும் என்று தலைமையகம் ஒற்றைக் காலில் நின்றது. சாயத் துணி அலசும் பிரிவிலிருந்து மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் கையுறைகளை நிறுத்திவிட்டு, துவைத்துப் போடும் துணிக் கையுறை கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். வீட்டின் முதல் பட்டதாரி, ஆலையின் சுற்றுச்சூழல் அதிகாரி. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

துணி சாயத் தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சியதை நாள் முழுக்கத் தோலோடு ஒட்டி வைத்திருக்கும் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கும்தான். அவளைப் படிக்கவைத்த சித்திக்கு அந்தப் பிரிவில்தான் வேலை.

"கையைக் காட்டு சித்தி."

"என்னடி, ஜோசியம் பாக்கப் போறியா?"

விரலிடுக்கெல்லாம் வெடித்து, தோல் உரிந்து கிடந்தது.

"ஏன் சொல்லல?"

"உன்னைத் தலையில வச்சு ஆடுறாங்க. நான் போய்க் கெடுக்கவா? வாயை மூடிட்டு இரு."

வாயை மூடுகிற ரகமில்லை அவள். மறுநாளே மேலாளர் அறையில் போய் நின்றாள்.

"பழைய கிளவுஸைத் திருப்பிக் குடுங்க சார்."

"ரிப்போர்ட் போயாச்சும்மா. இப்பப் போய் மாத்தினா மூஞ்சிய எங்க வச்சுக்கறது?"

"உங்க மூஞ்சி கெடக்கட்டும். அவங்க கை என்ன ஆகறது? நீங்க காப்பாத்தற பூமியில மனுஷங்க சேர்த்தி இல்லையா?"

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தி தூங்கும்போது எடுத்திருந்த கைப் படத்தை அவள் நேரே தலைமையகத்துக்கே அனுப்பிவிட்டாள்.

தொழிலாளர் நலனில் சமரசமே கிடையாது என்று தேனொழுகப் பதில் வந்தது. பின்னாலேயே மருத்துவர் வந்தார். கை வெடித்தவர்களை வரிசையில் நிறுத்திப் பார்த்து, அலசும் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், சித்தியையும் சேர்த்து. அவர்கள் இடத்துக்குப் புதுப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கும் துணிக் கையுறைதான்.

அன்று மாலை சித்தி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திறக்க வரவில்லை. திறந்து கொடுக்க அவள் கை நீட்டியதும் சித்தி பாட்டிலைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"நான் நல்லதுக்குத்தான் சித்தி…"

"தெரியும். நீ கேட்டதுல தப்பே இல்ல." மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். "ஆனா இது என் கைடி. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."