இரண்டாவது எட்டு

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களைப் போல வாய் கூசாமல் பொய் சொல்கிறவர்கள் வேறெங்கும் கிடையாது. தொப்பி போட்ட ஒருவர், "இன்னும் பத்தே நிமிஷந்தாம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்களும் அதே பத்து நிமிடத்தைத்தான் சொன்னார்கள். எல்லோருமாகக் கூடிப் பேசி வைத்துக்கொண்டுதான் கிளம்பியிருக்க வேண்டும்.

கோபப்படக்கூட அவளிடம் மூச்சு மிச்சமில்லை. பாதையோரப் பாறையில் தொப்பென்று உட்கார்ந்தாள். மேலே காட்டுத்தீயைக் கண்காணிக்கிற பழைய மரக் கூண்டு, முதலில் பார்த்தபோது எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அவ்வளவு தூரத்திலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் அவளுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். கை கால் விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் பிழைப்பு. போன குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி அவளே மூன்று வாரம் படுக்கையில் கிடந்தாள். பிழைத்து வந்தது பெரிய விஷயம். ஆனால் வீட்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு இளைத்தது. மெதுவாக நடந்தால் மலைகூட ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரிவின் தலைமை அம்மாவோ நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார்: வாசலில் டோக்கன் கொடுக்கிற மேசை காலியாக இருக்கிறது, உட்கார்ந்த இடத்தில் வேலை, திங்கட்கிழமைக்குள் சொல்லு. அந்த மேசைக்குப் போக அவளுக்கு மனமில்லை. ஆனால் தனக்கே மூச்சு வாங்கும்போது இன்னொருத்தரிடம் போய், 'தூக்குங்க, இன்னும் தூக்குங்க' என்று எந்த முகத்தோடு சொல்வது? கூண்டு வரை ஏறிவிட்டால் வார்டு, முடியாவிட்டால் மேசை. இப்படித் தனக்குத் தானே ஒரு பந்தயம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"முடியலங்க," என்றாள். "மேசைக்கே போயிடறேன்."

அவள் கணவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். பஸ் டிரைவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் பணிமனையில் ஒரு பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து அவளுடைய வார்டுக்கு வந்தவர். நடக்க வைத்தவளையே கூட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார் என்று வார்டில் இன்றைக்கும் கேலி செய்வார்கள். ஏற்றத்தில் அந்தக் கால் இன்னும் லேசாக இழுக்கும்.

"சரி, இறங்கிடலாம்," என்றார். "அதுக்கு முன்னாடி அந்த வளைஞ்ச மரம் வரைக்கும் வா. நிழல் இருக்கு. பத்து அடி."

"பத்துதானே?"

"நான் என்ன தொப்பிக்காரனா? எண்ணிக் காட்டுறேன், வா."

அவர் கையைப் பிடித்து எழுந்தாள். அவர் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. தொடை நடுங்கியது. நான்கு, ஐந்து. காதுக்குள் இதயம் அடித்தது. ஆறு, ஏழு, எட்டு. அவர் ஒரு கணம் நிறுத்தி, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "எட்டு," என்றார்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அது அவளுடைய திருட்டு. நோயாளியின் கணுக்காலில் மணல் பையைக் கட்டிப் பத்து தடவை தூக்கச் சொல்வாள். எட்டை இரண்டு முறை எண்ணி, பத்துக்குப் பதில் பதினொன்று வாங்கிவிடுவாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கணக்கா தெரியப்போகிறது என்று நினைத்திருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. கட்டிய கணவரிடம்கூட அவள் சொன்னதில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு மட்டுமா? மொத்த வார்டுக்கும் தெரியும். புதுசா யாராவது வந்தா நாங்களே சொல்லி வச்சிருவோம். இந்த மேடம் எட்டு ரெண்டு தடவ சொல்லும், கண்டுக்காதீங்கன்னு."

அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "தெரிஞ்சும் எதுக்குத் தூக்குனீங்க?"

"முதல் நாள் கோவந்தான் வந்துச்சு. கேட்டுரலாம்னு நிமிர்ந்து பாத்தேன். ரெண்டாவது எட்டு சொல்லிட்டு நீ மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற. என் கால் மேல போனாத்தான் விடுவ போலிருக்கு. சரி, இந்தப் பொண்ணு மூச்சுமுட்டிச் செத்து வைக்கப் போகுதேன்னு தூக்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. அடங்கும் வரை அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ ஏமாத்தி வாங்குனேன்னுதானே நெனச்சுக்கிட்டு இருந்த?" என்றார் மெதுவாக. "இல்லம்மா. பத்து வரைக்கும் ஆஸ்பத்திரி சொன்னதுக்காகத் தூக்குனோம். அந்த ஒண்ணு மட்டும் நாங்களா உனக்குக் குடுத்தது. அது எங்ககிட்ட இருந்துச்சுன்னே எங்களுக்கு அப்பத்தான் தெரியும்."

அவள் அழுதாள். மறைக்கவில்லை. பந்தயத்தில் தோற்கப் போகிறோம் என்று காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். கூண்டு அங்கேயேதான் இருந்தது. கால்களும் அதே நடுங்கும் கால்கள்தான்.

"இறங்கலாமா?" என்றார்.

"கொஞ்சம் இருங்க. நானே எண்ணிக்கிறேன்."

பத்து அடி வைப்பாள், நிற்பாள், மூச்சு வாங்குவாள். நிற்பதற்கு முன்னால் ஓர் அடி கூடுதலாக வைப்பாள். அதை யாரும் கேட்கவில்லை. அந்த ஒன்று ஒவ்வொரு முறையும் எங்கிருந்தோ வந்தது. ஒரு குடும்பம் அவர்களைத் தாண்டிப் போனது. சாப்பிட்டு முடித்து அதே குடும்பம் திரும்பி வந்தபோதும் அவர்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசி ஏற்றத்தில் அவருடைய கால் இழுக்க ஆரம்பித்தது. அவள் தோளைக் கொடுத்தாள். கூண்டின் மரத்தூணை அவள் தொட்டபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கீழே ஊர் எங்கே இருக்கிறதென்று பார்க்கக்கூடத் தோன்றாமல் இருவரும் தரையில் கால் நீட்டிக் கிடந்தார்கள்.

இறங்கும்போது எதிரே ஒரு தடித்த மனிதர் வியர்வை சொட்ட நின்று, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

"பத்தே நிமிஷந்தாங்க," என்றாள் அவள்.

திங்கட்கிழமை வார்டில் முதல் ஆள், இடுப்பு எலும்பு முறிந்த தபால்காரர். கணுக்காலில் மணல் பையைக் கட்டிவிட்டாள். நிற்க முடியாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டே எண்ணினாள். உட்கார்ந்தும் எண்ணலாம் என்பது இத்தனை வருடமாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஏழு... எட்டு..."

தபால்காரரின் கால் நடுங்கிக்கொண்டு கீழே இறங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு."

இந்த முறை காலைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். தபால்காரர் பல்லைக் கடித்தபடி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலைத் தூக்கினார்.