ராந்தான் பலகாரம்

என் கணவர் தப்ரேஸ் வாதத்தில் தோற்றால் சாமான் வாங்கித் தருவார். கல்யாணமான புதிதில் ஒரு சண்டைக்கு மிக்சி வந்தது. இந்த முறை கோசோவிலிருந்து ஒரு பார்சல் வந்தது.

கோசோ, மால்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டித் தீவு. தப்ரேஸ் அங்கே ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். போனபின் இது இரண்டாவது ரமலான். குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள இப்போதுதான் அனுமதி கிடைத்திருக்கிறது, பெருநாள் முடிந்ததும் கிளம்பி வா என்றார். நான் மாட்டேன் என்றேன். பூந்தமல்லியில் எங்கள் தெருவில் நோன்பு மாதம் வந்துவிட்டால், சாயங்கால அசர் தொழுகை முடிந்ததுமே தூக்குவாளிகள் கஞ்சிக்காகப் பள்ளிவாசல் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடும். எதிர்வீட்டில் பஜ்ஜி போட்டால் எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு வரும். இதையெல்லாம் விட்டுவிட்டு நான் எங்கே போவது?

"நோன்புன்னா இன்னான்னே தெரியாத ஊர்ல வந்து, யார் மூஞ்சியப் பாத்துகினு நான் கஞ்சி குடிக்கறது?" என்று போனில் கேட்டுவிட்டேன். என் மாமியார் ஜுபைதா மாமி பக்கத்தில் உட்கார்ந்து பலமாகத் தலையாட்டினார். நான் போவதில் அவருக்கும் இஷ்டமில்லை. கேட்டால் மருமகள் மேல் பாசம் என்பார். நான் போனால் சமையலறை முழுக்கத் தன் தலையில் விழும் என்ற பயமும் உண்டு.

ஒரு வாரம் தப்ரேஸ் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு வாய்ஸ் மெசேஜ் வந்தது. குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"ரைஹானா, இங்கயும் நோன்பு கீது. இவங்க பாஷைல ராந்தான்னு சொல்றாங்க. அதுக்குன்னே ஒரு பலகாரம் கீது. டூரிஸ்டுக்கு விக்கற டப்பா சரக்கு இல்ல, ஒரு வயசான அம்மா ஊட்லயே செஞ்சு விக்கறாங்க. நோன்பு மாசம் போச்சுன்னா போட மாட்டாங்களாம். ஜேம்ஸ் லீவுல வரான், குடுத்தனுப்பறேன். நீயே பாரு."

என் மாமியார் அதை இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டார். மறுநாளே தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது, மால்டா பக்கத்திலும் நோன்பு உண்டு என்று. எனக்குத்தான் எரிச்சல். சொல்லி மறுக்க இருந்த ஒரே காரணமும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஜேம்ஸ் அண்ணன், எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் கோவில்பதாகை என்ற ஊர்க்காரர். தப்ரேஸுடன் அதே சமையலறையில் வேலை, அதே அறையில் தங்கல். சரியாக நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். என் மாமியார் விடுவாரா, கையைப் பிடித்து இழுக்காத குறையாக உட்கார வைத்தார்.

பார்சலைப் பிரித்தேன். நீளநீளமாக, விரல் கனத்துக்கு மேல் பாதாம் பிஸ்கட்டுகள். மேலே தேன் தடவி, இடித்த பாதாமைத் தூவியிருந்தார்கள். ஆரஞ்சுத் தோலும் கிராம்புமாக மணம் தூக்கியது. கூடவே வட்டமாக ஒரு லேஸ் துணி, சந்தன நிறப் பட்டு நூலில் கையால் பின்னியது. நடுவில் எட்டு முனை வைத்த ஒரு பூ. 'கஞ்சிச் சொம்பு மூட' என்று தப்ரேஸ் ஒரு துண்டுச் சீட்டில் எழுதியிருந்தார். மாமி உடனே சொம்பை மூடி அழகு பார்த்தார்.

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம் வாயில் போட்டு, கஞ்சியும் குடித்து முடித்த பிறகு, மாமி சமோசாத் தட்டை ஜேம்ஸ் அண்ணன் பக்கம் தள்ளினார்.

"கறி சமோசாவா? வேணாம்மா. நானும் ஒரு மாதிரி நோன்புதான், எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நடக்குது. கறி எடுக்கறதில்ல."

"அப்ப இத்த சாப்புடு தம்பி. உங்க தீவு பலகாரம்தானே" என்று மாமி பிஸ்கட்டை நீட்டினார். "ஆமா, அங்க நம்ம ஆளுங்க ரொம்பப் பேர் கீறாங்களா? ராந்தானுக்குன்னு பலகாரம் போட்டு விக்கற அளவுக்கு?"

ஜேம்ஸ் அண்ணன் பிஸ்கட்டைப் பார்த்தார். சொம்பு மேலிருந்த லேஸைப் பார்த்தார். அவர் காது சிவந்துவிட்டது.

"அம்மா, சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா நோன்பு திறந்த எடத்துல உக்காந்துகினு எப்படிப் பொய் சொல்றது? அவங்க எங்காளுங்கம்மா, சர்ச்சுக்குப் போறவங்க. தவக்காலத்துக்குத்தான் அவங்க பாஷைல ராந்தான்னு பேரு. போன வருசமும் இந்த வருசமும் ரமலானும் அதுவும் ஒண்ணா வந்துச்சா, தப்ரேஸு ரெண்டும் ஒண்ணுன்னே நெனச்சுகினான்."

மாமி லேஸைத் தொட்டார். "இந்தப் பூ?"

"அதுவும் பூ இல்லம்மா. அந்த ஊர் சிலுவை."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஜெயித்துவிட்டேன் என்ற கெட்ட சந்தோஷமும் கூடவே வந்தது. "அப்ப என்னை வரவைக்கறதுக்காக அளந்து வுட்டாரா?"

"ஐயோ, இல்ல தங்கச்சி. கடைல நானும்தான் இருந்தேன். அந்த அம்மா இவனுக்கு ஒண்ணு தின்னு பாக்கக் குடுத்தாங்க. வேணாம், ரமலான்னு சொன்னான். அவங்க 'ராந்தான், ராந்தான்'னு சொல்லிகினே நானும்தான்னு நெஞ்சுல கை வெச்சாங்க. அப்ப இவன் மூஞ்சியப் பாக்கணுமே. ஊரே கூட நோன்பு வெச்ச மாதிரி. எங்க ரூம்ல இவன் ஒருத்தன்தான் நோன்பு. விடியறதுக்கு முந்தி சஹர் சாப்பாட்டுக்கு எங்க தூக்கம் கெடக் கூடாதுன்னு லைட்டுகூடப் போடாம பாத்ரூம் வெளிச்சத்துல சாப்புடுவான். பள்ளிவாசலுக்குப் போவணும்னா கப்பல் ஏறி அந்தாண்ட தீவுக்குப் போவணும். நான் உண்மைய சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். மனசு வரல."

நான் இத்தனை நாளும் யார் முகத்தைப் பார்த்துக் கஞ்சி குடிப்பது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் யார் முகத்தைப் பார்த்துக் குடிக்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அவர் மேல் அப்படி ஒரு பாசமும் பொங்கியது.

மாமி லேஸை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. "பன்னிக் கொழுப்பு எதுனா போட்டுகீதா இதுல?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. தவக்காலப் பலகாரமாச்சே. மாவு, பாதாம், தேன், அவ்ளோதான்."

மாமி ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்று முடிக்க நேரமாயிற்று. "நல்லாத்தான் கீது" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்ரூம் வெளிச்சத்துலயா சாப்புடறான் எம் புள்ள?"

சொம்பை லேஸால் சரியாக மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவன் கிட்ட இத்த சொல்லித் தொலைக்காத. கெளம்பற வழியப் பாரு."

உடனே தப்ரேஸுக்குப் போன் போட்டேன். அங்கே அப்போது மதியம். வேலைக்கு நடுவிலும் முதல் மணியிலேயே எடுத்தார்.

"பிரிச்சியா? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"எப்படி கீது?"

"நல்லா கீது. மாமியும் சாப்ட்டாங்க."

"நான்தான் சொன்னேன்ல, இங்கயும் நோன்பு கீதுன்னு. நீ நம்பல."

ஜேம்ஸ் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பறேன்" என்றேன். "அடுத்த நோன்புக் கஞ்சிக்கு ரெண்டு டம்ளர் எடுத்து வைங்க. நான் வரேன்."