உஸ்தா மித்வல்லியின் கட்டைவிரல்

அலெக்ஸாந்திரியாவில் தசைகளோடு முப்பத்தெட்டு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அத்தனையிலும் ஒரே ஒரு கட்டைவிரல்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கடலோரப் பேட்டையான அன்ஃபூஷியில் முடிவெட்டும் கடை வைத்திருந்த உஸ்தா மித்வல்லியின் வலது கட்டைவிரல். உஸ்தா என்பது எங்கள் ஊரில் கைத்தொழில்காரரைக் கூப்பிடுகிற மரியாதைப் பேர். எனக்கு அப்போது இருபத்தாறு வயசு, ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். வெள்ளைக் கோட்டோடு டிராமில் ஏறினால் ஊரே எழுந்து இடம் கொடுக்கும் என்று நினைப்பு. அந்தத் திமிர் இனி வருமா? அந்த இடுப்பும்தான் வராது, விடுங்கள்.

மித்வல்லி ஓடுகிற டிராமில் தொற்றப் போய், விழுந்து, மேல்கை எலும்பை உடைத்துக்கொண்டவர். எலும்பு கூடிவிட்டது. அதை ஒட்டிப் போகிற நரம்பு கூடவில்லை. மணிக்கட்டு தொங்கிவிட்டது. விரல்கள் மடங்கும், நிமிராது. கத்தரிக்கோலை மூடுவார், திறக்க முடியாது.

"மூட மட்டும் தெரிஞ்ச கையை வச்சுகிட்டு நான் என்ன பண்றது டாக்டரம்மா? வாயை மூடத் தெரிஞ்சாலாவது என் வீட்டுக்காரி சந்தோஷப்படுவா."

நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் அவர் கேட்கவில்லை. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

தசை ஒரு விசித்திரமான வேலைக்காரன். இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் ஒன்றுக்கு எதிரே இன்னொன்றைப் படைத்திருக்கிறான் இறைவன். இது சுருங்கினால் கை மடங்கும், அது சுருங்கினால் நிமிரும், ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கும். நூல் நூலாகச் சேர்ந்து கட்டாகி, கட்டுகள் சேர்ந்து சதையாகி, நுனியில் வெள்ளைக் கயிறாகத் திரண்டு எலும்பைப் போய்ப் பற்றிக்கொள்ளும். மித்வல்லிக்கு மடக்குகிறவை உயிரோடு இருந்தன, நிமிர்த்துகிறவை செத்துக் கிடந்தன. எங்கள் டாக்டர் லுத்ஃபி ஆபரேஷன் செய்து, உயிரோடு இருந்த தசைகளில் மூன்றின் கயிற்றை அறுத்து, செத்தவற்றின் கயிற்றில் தைத்துவிட்டார்.

அதற்கப்புறம் என் பாடு. வீடு மாறிய சங்கதி அந்தத் தசைக்குத் தெரியாதே! 'நிமிர்த்து' என்றால் அசையாது. பழைய வேலையைச் சொல்லித்தான் ஏமாற்ற வேண்டும். மனசுக்குள் 'மணிக்கட்டை மடக்கு' என்றால் விரல்கள் நிமிரும். மித்வல்லிக்கு இது முதல் வாரமே வந்துவிட்டது. மணிக்கட்டு எழும்பியது, நாலு விரலும் நிமிர்ந்தன. கட்டைவிரல் மட்டும் கல்லு மாதிரி கிடந்தது. கத்தரிக்கோலைத் திறப்பதே கட்டைவிரல்தான்.

எங்களுக்கு இருந்ததோ எட்டே வாரம். ஆகஸ்ட் கடைசியில் அவர் மகன் ஷாக்கிருக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாண நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் தெருவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தப்லா அடித்து, ஊர் பார்க்க முடி வெட்டிச் சவரம் செய்வார்கள். நாவிதர் வீட்டுக் கல்யாணத்தில் அப்பன் கையில் கத்தரிக்கோல் இல்லாவிட்டால் என்ன மானம்?

"எதிர்க்கடை ஸெய்யத் என் புள்ளை தலையில கை வச்சான்னா, நான் அப்படியே கடலுக்குள்ள நடந்து போயிடுவேன்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

ஐந்து வாரம் தொண்டை வறளக் கத்தினேன். "மணிக்கட்டை மடக்குங்க உஸ்தா, கட்டைவிரல் எந்திரிக்கும்! மனசு வச்சுப் பண்ணுங்க!" அவர் நெற்றி வேர்க்கும், பல்லைக் கடிப்பார். ஒன்றும் நடக்காது. ஒரு நாள் எரிச்சலில், "நீங்க சோம்பேறி, வீட்ல பயிற்சி பண்றதே இல்ல," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுவாரம் ஒரு பை நிறைய எள்ளு ரொட்டியோடு வந்தார். "போதும் டாக்டரம்மா. உங்களுக்கும் பாவம். ஸெய்யத்துகிட்ட சொல்லி அனுப்பிட்டேன், அவனே வெட்டட்டும். எனக்கு மண்டை மந்தம், உங்க பாடம் ஏறல."

அவர் கிளம்புவதற்காக ஜெபமாலையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். இரண்டு விரலை உள்ளே விட்டு, மோதிர விரலால் கொக்கி போட்டு இழுத்தார். பைக்கு வெளியே இருந்த கட்டைவிரல் விசுக்கென்று எழுந்து நின்றது.

"அசையாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சாவு வந்துவிட்டதென்று கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆவண அறைக்கு ஓடினேன். ஆபரேஷன் குறிப்பில் மூன்றாம் பக்கம், டாக்டர் லுத்ஃபியின் கோழிக்கிறுக்கலில் ஒரு வரி. முன்கையில் மணிக்கட்டை மடக்க ஒத்தாசை செய்கிற ஒல்லியான ஒரு தசை உண்டு. பெரிய வேலை கிடையாது என்பதால் கட்டைவிரலுக்கு அதைத்தான் எடுத்துக் கொடுப்பது வழக்கம். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. மித்வல்லிக்கும் இல்லை. அதனால் மோதிர விரலை மடக்குகிற இரண்டு தசையில் ஒன்றை எடுத்துத் தைத்திருந்தார். நான் முதல் பக்கத்தோடு மூடிவைத்தவள். எல்லாக் கையும் புத்தகத்தில் இருக்கிற கை என்று நினைத்தவள். ஐந்து வாரமாக அந்த வீட்டில் இல்லாத ஆளின் பேரைச் சொல்லி வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறேன்! வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது.

திரும்பி வந்து, யார் முன்னால் திட்டினேனோ அவர்கள் முன்னாலேயே சொன்னேன். "தப்பு என்னோடது உஸ்தா. உங்க மண்டையில ஒரு குறையும் இல்ல. நான் காகிதத்தைப் படிக்கல."

அவர் ரொட்டிப் பையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "அஞ்சு வாரமா ராத்திரி என் வீட்டுக்காரியும் பக்கத்துல உக்காந்து மடக்கு மடக்குன்னு கத்தினா. இந்த மன்னிப்பை அவகிட்ட கேளுங்க, எனக்குப் பயமா இருக்கு," என்றார். நான் சிரித்தேன், அழுதேன், அவர் கொண்டுவந்த ரொட்டியில் இரண்டைத் தின்றேன்.

மீதி மூன்று வாரம் மோதிர விரலோடு பேசினோம். கத்தரிக்கோல் பிடிக்கும்போது நாவிதருக்கு அந்த விரல் அடிவளையத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். "முப்பது வருஷம் ஓசிச் சோறு தின்னவன், இப்ப வேலை செய்யட்டும்," என்பார். 'மோதிர விரலை மடக்கு' என்று உதடு முணுமுணுக்கும், அப்புறம்தான் கத்தரிக்கோல் திறக்கும். ஒரு வெட்டுக்கு ஒரு முணுமுணுப்பு.

கல்யாணச் சாயங்காலம் நானும் போயிருந்தேன். தெரு நிறைய ஜனம். ஷாக்கிர் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தான். ஸெய்யத் தன் பெட்டியோடு எதிர்க்கடை வாசலில் தயாராக நின்றான். மித்வல்லி கத்தரிக்கோலை எடுத்தார். உதடு அசைந்தது. ஒரு வெட்டு. உதடு அசைந்தது. இன்னொரு வெட்டு. தப்லா நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒருத்தன், "உஸ்தா, பேரன் பொறந்துடுவான் போல இருக்கே!" என்றான். சிரிப்பு எழுந்தது. மித்வல்லியின் கழுத்தில் வியர்வை வழிந்தது, கத்தரிக்கோல் பாதி திறந்தபடி நின்றது. ஸெய்யத் ஒரு அடி முன்னால் வைத்தான். நான் வேண்டாத வேண்டுதல் இல்லை.

அப்போது ஷாக்கிர் வாயைத் திறந்தான். "அப்பா, காதுகிட்ட கொஞ்சம் நீளமா விடுங்க. இப்ப அதுதான் ஃபேஷன்."

"என்னடா, ஃபேஷனா?" என்று பிடித்துக்கொண்டார் மித்வல்லி. "நாய்க்குப் பொறந்தவனே, உங்க தாத்தா முடியையும் நான்தான் வெட்டினேன், அவர் ஃபேஷன் கேட்டாரா? உன் மாமியார் முகத்தைப் பாருடா, இப்பவே பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டுப் போற மாதிரி நிக்கிறா! காது மூடி முடி வச்சா அவ திட்டுறது கேக்காதுன்னு நினைச்சியா?"

தெரு குலுங்கிச் சிரித்தது. குலவைச் சத்தம் எழும்பியது. நான் மட்டும் அவர் கையைப் பார்த்தேன். உதட்டில் வசவுதான் ஓடிக்கொண்டிருந்தது, கட்டளை இல்லை. கத்தரிக்கோல் திறந்து மூடி, திறந்து மூடி, முடி இல்லாத இடத்தில்கூடச் சும்மா காற்றில் கிச் கிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. யாரும் அதை ஏவவில்லை. அது தானாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

'உஸ்தா, கையைப் பாருங்க!' என்று கத்த வாய் வரைக்கும் வந்துவிட்டது. பார்த்தால் நின்றுவிடுமே. கைக்குட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்ன டாக்டரம்மா, அழறீங்க? என் புள்ளையைக் கட்டிக்கலாம்னு நினைச்சிருந்தீங்களா?"

"ஆமா உஸ்தா," என்றேன். "நீங்க பேசிகிட்டே வெட்டுங்க."