இளவரசி எடுத்த குரூப்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வெள்ளிக்கிழமை நான் புள்ளலூரில் ஒருவர் கழனியில் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். மிஷின் மேல் உட்கார்ந்துவிட்டால் போன் அடிப்பது காதில் விழாது. மதியம் சாப்பிட இறங்கிப் பார்த்தால் என் மனைவி சுலோச்சனாவிடமிருந்து பதினோரு மிஸ்டு கால். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துதான் கூப்பிட்டேன்.

"நானூத்தி அறுவத்தெட்டு," என்றாள்.

"இன்னாது?"

"உன் பொண்ணு மார்க்குய்யா. ஸ்கூல்லயே ஃபர்ஸ்ட்டு. கணக்குல தொண்ணூத்தாறு, சயின்ஸ்ல நூத்துக்கு நூறு. இத சொல்லலாம்னு காலைலேர்ந்து போன் பண்ணிக்கினு கீறேன், நீ இன்னாடான்னா எடுக்கவே மாட்டேன்ற."

சாப்பாட்டுக் கூடையைப் பிரிக்காமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் எட்டாவது பெயில். சுலோச்சனா பத்தாவது வரை போனவள். எங்கள் இரண்டு பேருக்கும் பிறந்த இளவரசி மானாம்பதி பக்கத்து அரசுப் பள்ளியில் முதல் மார்க் எடுத்திருக்கிறாள். இனி அவளை நல்ல இடத்தில் சேர்க்க வேண்டியது என் பொறுப்பு என்று அந்த வரப்பிலேயே முடிவு செய்தேன். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரை நான் செய்ததை நாள் வாரியாகச் சொன்னால்தான் என் முட்டாள்தனம் முழுசாக விளங்கும்.

திங்கட்கிழமை காலை டவுனில் உள்ள ஒரு தனியார் பள்ளியிலிருந்து போன் வந்தது. நானூற்றைம்பதுக்கு மேல் எடுத்த பிள்ளைகளுக்கு அங்கே பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் இலவசமாம். வேன் வீட்டு வாசலுக்கே வருமாம். "கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்ல இடம் இருக்கு, சீக்கிரம் வந்தீங்கன்னா நல்லது," என்றார்கள். பேசியது ஒரு அம்மா. நான் சந்தோஷத்தில், "நாளைக்கே வரேன் சார்," என்றேன்.

செவ்வாய்க்கிழமை மிஷினில் பெல்ட் அறுந்து வேலை இல்லை. இளவரசி பால் சொசைட்டிக்குப் போயிருந்த நேரத்தில் நான் பைக்கை எடுத்துக்கொண்டு அவள் பள்ளிக்குப் போய், டி.சி. வேண்டும் என்று கேட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"கன்னியப்பன், பொண்ணு வரலையா? இங்கயேதான் படிப்பேன்னு ரிசல்ட் அன்னைக்குச் சொல்லிட்டுப் போனாளே."

"அது சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும் டீச்சர்."

"அவளுக்குத் தெரியாதுன்னா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு டி.சி.யில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை அப்படியே கொண்டுபோய் டவுன் பள்ளி ஆபீசில் கொடுத்தேன். ஆபீஸ் முழுக்க டைல்ஸ், ஏசி. மூலையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சு மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. அந்த மீனைப் பார்த்ததுமே எனக்கு இந்தப் பள்ளிதான் என்று ஆகிவிட்டது.

"அட்மிஷன் இப்பவே போட்டுடலாமா?" என்று ஆபீஸ் மேடம் கேட்டார்.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். புதன் அஷ்டமி. வியாழன் நவமி. செவ்வாயும் எங்கள் வீட்டில் புதிதாக எதையும் தொடங்குகிற நாள் அல்ல.

"டி.சி. உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். வெள்ளிக்கிழம வந்து கையெழுத்துப் போடறேன். அதுக்கு முன்னால கம்ப்யூட்டர்ல மட்டும் ஏத்திடாதீங்க."

அவர் சிரித்துக்கொண்டே, "உங்க இஷ்டம். இந்த பாரத்துல பொண்ணு கையெழுத்தும் வேணும், வாங்கிட்டு வாங்க," என்று ஒரு தாளைக் கொடுத்தார்.

புதன்கிழமை பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. வைத்தவன் சுலோச்சனாவின் தம்பி வெங்கடேசன். டவுன் பள்ளியில் அடியெடுத்து வைக்கும் எங்கள் குலவிளக்கே என்று நான்கு வரி வாழ்த்து. அதில் இளவரசி போட்டோ தபால் கார்டு அளவு, வெங்கடேசன் போட்டோ ஆள் உயரம்.

"மச்சான், வாழ்த்து உனக்கா அவளுக்கா?" என்று கேட்டேன்.

"இன்னா மாமா நீ. நான் நிக்கலன்னா இது யாரு வூட்டுப் பொண்ணுன்னு ஊருக்கு எப்பிடித் தெரியும்?"

வருகிற போகிற பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நான் இரண்டு முறை டீ குடிக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன். இளவரசி ஒரு முறைகூட அந்தப் பக்கம் போகவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வேலை முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பள்ளி கொடுத்த பாரம் டிவி மேல் இருந்தது. மேலே பேனா வைத்திருந்தது. கையெழுத்து இல்லை. இளவரசி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா, இன்னும் கையெழுத்துப் போடலியா?"

அடுப்படியிலிருந்து சுலோச்சனாதான் பேசினாள். "மூணு நாளா அது வாயத் தொறக்காம கீது. உனக்கு அதுகூடத் தெரில. ஏன்னு நீயே கேளு."

இளவரசி வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "நைனா, அதுல பயாலஜி இல்ல."

"கம்ப்யூட்டர் கீதே."

"பயாலஜி எடுக்கலன்னா மாட்டு டாக்டருக்குப் படிக்க முடியாது."

அவள் மாட்டு டாக்டர் ஆக ஆசைப்படுவது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். போன வருஷம் எங்கள் பசுவுக்கு மடிநோய் வந்து பால் கட்டிக்கொண்டது. டாக்டர் அம்மா ஊசி போட்டுவிட்டு, இரண்டு மணிக்கொரு தரம் கெட்ட பாலைக் கறந்து வெளியே கொட்டச் சொன்னார். நாலு நாள் அதைச் செய்தது இளவரசி. ஒவ்வொரு தடவையும் எந்தக் காம்பில் எவ்வளவு வந்தது, என்ன நிறம் என்று பழைய நோட்டில் எழுதியும் வைத்தாள். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா, "இத யார் எழுதச் சொன்னாங்க?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஆசை. நான்தான் அதை விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

"இன்னொண்ணும் கீது," என்றாள் இளவரசி. "ஆறாவதுலேர்ந்து பன்னண்டாவது முடியற வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சவங்களுக்கு தனியா ஏழரை பர்சென்ட் சீட்டு. மாட்டு டாக்டர் படிப்புலயும் அது உண்டு. பிளஸ் ஒன்னுக்கு வேற ஸ்கூலுக்குப் போயிட்டா அது போச்சு."

"ஏழரையா? பேரே சரியில்லியே."

"யோவ், சும்மா கேளுய்யா," என்றாள் சுலோச்சனா.

"பிரைவேட்டுல ஃப்ரீயா தராங்களேமா."

"ரெண்டு வருசம்தான் நைனா ஃப்ரீ. அதுக்கப்பறம் அஞ்சரை வருசம் கீது. ஏழரைல போனா அந்த ஃபீஸையும் கவர்மென்டே கட்டும். எங்க சயின்ஸ் மிஸ்ஸு கிளாஸ்ல போர்டுல எழுதியே போட்டாங்க."

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே. நான் பால் ஊத்திட்டு வர்றதுக்குள்ள டி.சி. வாங்கிட்ட. மறுநாளு மாமா ஃப்ளெக்ஸு வச்சிட்டாரு. நீயும் அங்கயே போய்ப் போய் நின்னுக்கினு இருந்த. அப்பறம் நான் எப்பிடிச் சொல்றது?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். ஆறாவதிலிருந்து ஐந்து வருஷம் அவள் சேர்த்து வைத்ததை நான் ஒரு செவ்வாய்க்கிழமையில் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"அந்த ஸ்கூல்ல உன் பேர் ஏத்திட்டாங்களா நைனா? ஏத்திட்டா ரெக்கார்டுல வந்துடும்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "அஷ்டமி நவமின்னு சொல்லி ஏத்தாதீங்கன்னுட்டு வந்தேன். நாளைக்குத்தான் ஏத்துவாங்க. அவங்க மறந்துபோய் முன்னாலயே ஏத்தாம இருந்தா சரி."

சுலோச்சனா கரண்டியோடு வெளியே வந்தாள். "பதினேழு வருசமா உன் அஷ்டமி நவமியால எனக்குப் பேஜாரு. எங்க அக்கா வூட்டு கிரகப்பிரவேசத்துக்கு எல விரிச்ச பின்னாலதான் கூட்டிக்கினு போன. இன்னிக்கி ஒரு நாளு அதால நல்லது நடந்தா நான் அதையும் கும்புட்டுக்கறேன். காலைல மொத ஆளாப் போய் நில்லு."

"ஃப்ளெக்ஸு?"

"மாட்டுக் கொட்டாய் மேல ஓட்டையா கீது. அத எடுத்துப் போட்டா மழைக்கு ஆவும். என் தம்பி மூஞ்சி மேல் பக்கமா இருக்கட்டும், மாடு மிரளப் போவுது."

இளவரசி மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு டவுன் பள்ளி வாசலில் இருந்தேன். ஆபீஸ் மேடம் பத்துக்குத்தான் வந்தார். எனக்கு முன்னால் வேறு நாலு பேர். என் முறை வரும்போது மணி பத்தே முக்கால். அதற்குள் சுலோச்சனா போன் செய்தாள்.

"மணி இன்னா தெரியுமா? ராகு காலம்யா."

"தெரியும். போன வை."

மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. "ஏத்தியாச்சான்னு பாக்கணும். நேத்து சாயங்காலம் இருந்ததை எல்லாம் மொத்தமா ஏத்தச் சொன்னேன்," என்று சொல்லிக் கம்ப்யூட்டரைத் திறந்தார். பள்ளி எண்ணைப் போட்டார். ஏதோ சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் மெதுவாம். அந்த மீன் தொட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை மீன் இருந்தும் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

"இ, இ..." என்று அவர் விரலால் வரிசையாக இறக்கிக்கொண்டு வந்தார். "இல்ல. உங்க பொண்ணு பேர் ஏத்தல. பாரம் வராத டி.சி.யை எல்லாம் தனியா எடுத்து வச்சிருக்காங்க."

"அப்ப அத குடுத்துடுங்க மேடம்," என்றேன். அவர் டி.சி.யைத் தேடி எடுத்து, என்னிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். "நல்லா படிக்கற பொண்ணு. எங்களுக்கு நஷ்டம்தான்," என்றார். அவர் நல்லவர். அதையும் சொல்ல வேண்டும்.

பைக்கை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. பதினொன்றே முக்காலுக்கு அரசுப் பள்ளி. இளவரசி பஸ்ஸில் தனியாக வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என் சட்டைப் பையில் மடித்த தாளைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் டி.சி.யை வாங்கி மேஜை மேல் வைத்தார். "திரும்பச் சேத்துக்கறதுல பிரச்சினை இல்ல. ஆனா நீங்க வாங்கிட்டுப் போனதும் அவ இடத்தை வேற பொண்ணுக்குக் கொடுத்துட்டேன். கணக்கும் பயாலஜியும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் புதன்கிழமையே நிறைஞ்சிடுச்சு."

"வேற ஒண்ணும் இல்லிங்களா டீச்சர்?"

"செகண்ட் குரூப்ல மூணு இடம் இருக்கு. பாட்டனி, சுவாலஜி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. கணக்கு கிடையாது. கால்நடை மருத்துவத்துக்கு அது போதும். ஆனா இன்ஜினியரிங் போக முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"மார்க்கு கணக்குலயும் தொண்ணூத்தாறு," என்றேன். "ரெண்டு பக்கமும் வழி இருந்தா நல்லதுதானே டீச்சர். ஃபர்ஸ்ட் குரூப்ல யாராவது நின்னுட்டா சொல்றீங்களா? ஒரு வாரம் வேணா பாத்துட்டு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன். மறுபடியும் நானே பேசிக்கொண்டிருந்தேன். இளவரசியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீ சொல்லு பாப்பா."

"நான் இன்ஜினியரிங் போவ மாட்டேன் நைனா. அப்பறம் எதுக்குக் கணக்கு?"

"தொண்ணூத்தாறு வாங்கிகீறியேமா."

"அது பரிட்சைக்குப் படிச்சது. மறந்துடுவேன்."

ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்துவிட்டார். "மறக்காத. மாட்டுக்கு மருந்து எடையைப் பாத்துதான் போடணும், அதுக்குக் கணக்கு வேணும்." பிறகு பாரத்தை என் பக்கம் தள்ளாமல் அவள் பக்கம் தள்ளினார். பாடப்பிரிவு என்று இருந்த கட்டத்தில் இளவரசி எழுதினாள். எழுதி முடித்துவிட்டு ஒரு முறை படித்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் பெற்றோர் கையெழுத்துக்கு என்னிடம் தந்தாள். அவள் எழுதியதையே பார்த்துக்கொண்டு போட்டதில் கன்னியப்பன் கொஞ்சம் கோணலாக விழுந்தான்.

"திங்கட்கிழமை வந்து புத்தகம் வாங்கிக்கம்மா," என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். ரிஜிஸ்டரில் அவள் பெயரை எழுதினார்.

வெளியே நல்ல வெயில். இளவரசி பைக்கில் பின்னால் ஏறினாள். ஏறியதும் பேச ஆரம்பித்தாள். செகண்ட் குரூப்பில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள், சுவாலஜி எடுக்கிற மிஸ் எப்படித் திட்டுவார், பிராக்டிகலில் கரப்பான் பூச்சியை அறுக்கச் சொல்வார்களா மாட்டார்களா, கூடப் படிக்கிற கீர்த்தி கரப்பான் பூச்சி என்றாலே பெஞ்ச் மேல் ஏறிவிடுவாள். காற்றில் பாதி எனக்குக் கேட்கவில்லை. நான் வண்டியை இருபதுக்குக் குறைத்துக்கொண்டு, "அப்பறம்?" என்றேன்.